வீணாகும் சக்தியும் வியாபாரியின் கணக்கும்

வியாபாரத்தில் இலாபம் கூட இரண்டு வழிகள்தான் உண்டு. ஒன்று விற்பனையைக் கூட்டுவது. மற்றது கையை விட்டு வீணாகப் போவதைக் குறைப்பது. முதலாவதற்குச் சந்தை ஒத்துழைக்க வேண்டும். இரண்டாவது பெரும்பாலும் எமது கையிலேயே இருக்கிறது. ஆனாலும் நம்மில் அநேகர் முதலாவதைப் பற்றியே பேசுகிறோம்.

2022ஆம் ஆண்டு இந்தப் பாடத்தை நாடு முழுவதற்கும் கற்றுத் தந்தது. அந்த வருடம் ஜூன் 26ஆம் திகதி 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்கும் ஒட்டோ டீசல் 460 ரூபாவுக்கும் உயர்ந்தன. அடுத்த மாதம் கியூ.ஆர். முறை வந்தபோது முச்சக்கர வண்டிக்கு வாரம் 5 லீற்றரும் லொறிக்கு 50 லீற்றரும்தான் முதலில் ஒதுக்கப்பட்டன. அதே ஆண்டு ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மீண்டும் 66 வீதமும் கூட்டப்பட்டது. வாகனம் வைத்திருந்தவர்களும், குளிரூட்டி வைத்திருந்தவர்களும், பேக்கரி நடத்தியவர்களும் பட்ட பாட்டை நான் இங்கு விவரிக்கத் தேவையில்லை.

அன்று முதல் மடவளை பஸாரில் உள்ள எமது உதிரிப்பாகக் கடைக்கு விதவிதமான “கண்டுபிடிப்புகள்” வரத் தொடங்கின. பெற்றோல் குழாயில் மாட்டும் காந்தம், தண்ணீரிலிருந்து வாயு எடுத்து இயந்திரத்துக்குக் கொடுக்கும் பெட்டி, எரிபொருளே இல்லாமல் மின்சாரம் தரும் ஜெனரேட்டர் என்று பட்டியல் நீளும். சிலர் விற்க வந்தார்கள். சிலர் பங்காளி தேடி வந்தார்கள். “நானா, இதில் காசு போடலாமா?” என்று கேட்டு வந்தவர்களும் உண்டு. அவர்களுக்குச் சொன்ன விளக்கத்தையே இவ்வாரம் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை முதலில் மனதில் இருத்திக்கொள்ள வேண்டும். வீணாகும் சக்தியை மீட்டெடுக்கும் உண்மையான கருவிகள் உலகில் நிறையவே உண்டு. இல்லாத சக்தியை உண்டாக்கும் கருவி ஒன்றுகூடக் கிடையாது. இந்த இரண்டையும் பிரித்தறியத் தெரிந்தால் கைக்காசு தப்பும், நல்ல சந்தர்ப்பத்தையும் தவற விட மாட்டோம்.

காசு எங்கே போகிறது?

நாம் நூறு ரூபாவுக்கு டீசல் அடித்தால் சக்கரத்தைச் சுற்ற எவ்வளவு போகிறது? நல்ல லொறி இயந்திரம் ஒன்றில் ஏறக்குறைய 35 முதல் 40 ரூபா வரை வேலையாக மாறுகிறது. பெற்றோல் காரில், அதுவும் நகர நெரிசலில், 20 ரூபா அளவுதான் சக்கரத்துக்குப் போய்ச் சேரும். மிச்சம் முழுவதும் வெப்பம். ஒரு பகுதி சைலன்சர் வழியாகப் புகையோடு போகிறது. இன்னொரு பகுதி ரேடியேட்டர் வழியாகக் காற்றில் கலக்கிறது. சக்கரத்துக்குப் போய்ச் சேர்ந்த சிறு பகுதியிலும் ஒரு பங்கை பிரேக் அடிக்கும்போது மறுபடி வெப்பமாக்கி வீசி விடுகிறோம்.

இது எமது கண்டிப் பகுதிக்கு மிகவும் பொருந்தும். கணக்குக்காக, பாரத்தோடு 5 தொன் எடையுள்ள லொறி ஒன்று கடுகண்ணாவையிலிருந்து கொழும்புப் பக்கமாக 300 மீற்றர் உயரம் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த இறக்கத்தில் வெளிவரும் சக்தி சுமார் 4 யூனிட். மின்சாரப் பட்டியலில் வரும் அதே யூனிட்தான். ஒரு லீற்றர் டீசலில் 10 யூனிட் அளவு சக்தி இருக்கிறது. அதில் இயந்திரம் எடுத்துத் தருவது மூன்றரை முதல் நான்கு வரை. அதாவது ஒரு லீற்றருக்கு மேல் டீசல் எரித்து மேலே ஏற்றிய சக்தியை ஒரே இறக்கத்தில் இழக்கிறோம். அதில் ஒரு பங்கு காற்றையும் டயர் உராய்வையும் எதிர்த்துச் செலவாகும். எஞ்சியது பிரேக் லைனரிலும் இயந்திரத்திலும் சூடாகப் போகிறது. மஹியங்கனைப் பாதையின் பதினெட்டு வளைவில் இறங்கியவர்களுக்கு லைனர் கருகும் வாசனை நன்றாகத் தெரியும். அது நாம் காசு கொடுத்து வாங்கிய டீசலின் வாசனைதான்.

உண்மையான மீட்புக் கருவிகள்

இப்படி வீணாவதில் ஒரு பங்கைத் திரும்பப் பிடிக்க அறிஞர்கள் பாடுபட்டிருக்கிறார்கள். எமக்கு மிகவும் பழக்கமான உதாரணம் டேர்போ. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த அல்பிரட் பூக்கி என்ற பொறியியலாளர் 1905இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். வெளியே போகும் புகையின் வேகத்தில் ஒரு சிறு விசிறி சுழல்கிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு விசிறி, புதிய காற்றை இயந்திரத்துக்குள் அழுத்தித் தள்ளுகிறது. காற்று கூடினால் அதே அளவு இயந்திரத்தில் கூடுதல் எரிபொருளை ஒழுங்காக எரித்துக் கூடுதல் வலு பெறலாம். ஆகவே சிறிய இயந்திரம் பெரிய பாரத்தை இழுக்கிறது. இன்று ஓடும் டீசல் லொறிகளில் பெரும்பாலானவற்றில் இது உண்டு.

டேர்போ உள்ள வாகனம் வைத்திருப்போர் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஏற்றம் ஏறி வந்த கையோடு இயந்திரத்தை நிறுத்தக் கூடாது. ஓரிரு நிமிடம் மெதுவாக ஓட விட வேண்டும். இல்லாவிட்டால் டேர்போவின் பெயாரிங்கில் நிற்கும் எண்ணெய் கருகிப் போகும். மற்றது, எண்ணெயைத் தவணை தவறாமல் மாற்ற வேண்டும். எண்ணெயில் ஆயிரம் ரூபா மிச்சம் பிடித்து டேர்போவுக்குப் பல்லாயிரம் கொடுத்தவர்களை எமது கடையில் அடிக்கடி சந்திக்கிறேன்.

அடுத்தது ஹைபிரிட். டொயோட்டா நிறுவனம் 1997 டிசம்பரில் ஜப்பானில் பிரியஸ் காரை விற்பனைக்கு விட்டது. இதில் பிரேக்கைத் தொட்டவுடன் மின்மோட்டார் தன் வேலையை மாற்றிக்கொண்டு டைனமோவாகிறது. சக்கரம் அதைச் சுற்றுகிறது. அது தரும் மின்சாரம் பற்றரிக்குப் போகிறது, வாகனமும் வேகம் குறைகிறது. மறுபடி புறப்படும்போது அதே மின்சாரம் வண்டியைத் தள்ளுகிறது. பிரேக் லைனரில் கருக இருந்த சக்தியில் ஒரு பங்கு இப்படித் திரும்பி வருகிறது.

இதற்கும் எல்லை உண்டு. எமது வீதிகளில் நிறைய ஓடும் டொயோட்டா அக்வா காரின் பழைய ரகப் பற்றரி முழுதாகவே ஒரு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவான கொள்ளளவு உடையது. அதிலும் ஒரு பகுதியைத்தான் கார் பாவிக்க விடும். ஆகவே நீண்ட இறக்கத்தில் பாதி தூரம் போகுமுன்பே பற்றரி நிரம்பி விடும். அதன் பிறகு இயந்திரம் திடீரென்று இரைவதைக் கேட்டுச் சிலர் பயந்து கராஜுக்கு ஓடுகிறார்கள். அது பழுதல்ல. இனிச் சேமிக்க இடமில்லாததால் கார் இயந்திரத்தையே பிரேக்காகப் பாவிக்கிறது, அவ்வளவுதான். பின் ஆசனப் பக்கத்தில் உள்ள பற்றரி விசிறியின் வடியைத் தூசு அடைத்தால் பற்றரி சூடாகி ஆயுள் குறையும் என்பதையும் சேர்த்தே சொல்லி வைக்கிறேன்.

இதே தத்துவம் ரயிலில் இன்னும் நன்றாக வேலை செய்கிறது. டில்லி மெட்ரோ ரயில் நிலையத்தை நெருங்கி வேகம் குறைக்கும்போது, அதன் மோட்டார்கள் மின்சாரம் உண்டாக்கி மேலே உள்ள கம்பிக்கே திருப்பிக் கொடுக்கின்றன. அவ்வேளையில் பக்கத்தில் புறப்படும் இன்னொரு ரயில் அதை எடுத்துக்கொள்கிறது. 2004 முதல் 2007 வரை இதனால் சுமார் 90,000 தொன் கரியமில வாயு வெளியேறாமல் தடுக்கப்பட்டது என்று கணக்கிடப்பட்டது. ஐக்கிய நாடுகள் சபையின் கார்பன் திட்டத்தில் பதிவு செய்யப்பட்ட முதல் ரயில் சேவை அதுதான். எமது மலைநாட்டுப் பாதையில் மேலே மின்கம்பி இல்லை. ஆகவே கடுகண்ணாவையில் இறங்கும் ரயிலின் சக்தியைத் திருப்பிக் கொடுக்க இடமில்லை. வீணாவதை அறிந்தால் மட்டும் போதாது, மீட்டதை வாங்கிக்கொள்ள ஒருவர் தேவை என்பதற்கு இது நல்ல உதாரணம்.

கடைக்குள் வீணாவது

வாகனத்தை விட, நிலையாக நிற்கும் இயந்திரங்களில் மீட்பது இலேசு. டயர் கடையிலும் பெயின்ற் அடிக்கும் கராஜிலும் உள்ள காற்று கொம்பிரசர் இழுக்கும் மின்சாரத்தில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் வெப்பமாகவே போகிறது. பெரிய தொழிற்சாலைகள் அந்தச் சூட்டுக் காற்றைக் குழாய் வைத்து எடுத்துப் பொருட்களை உலர்த்துகின்றன. சிறிய கடைக்காரர் செய்ய வேண்டியது அதைவிட எளிது. இரவில் கடை பூட்டுமுன் குழாய்களில் சீறும் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்துப் பார்க்க வேண்டும். ஓட்டை வழியாகப் போகும் ஒவ்வொரு மூச்சுக் காற்றும் மின்சார சபைக்குக் கட்டிய காசு.

கோழிக் கடை, ஹோட்டல், ஐஸ்கிறீம் வியாபாரம் செய்வோரிடம் பெரிய குளிரூட்டிகள் இருக்கின்றன. குளிரூட்டி என்பது உள்ளே உள்ள சூட்டை அள்ளி வெளியே கொட்டும் இயந்திரம். ஒரு பக்கம் அந்தச் சூட்டை முற்றத்தில் கொட்டிக்கொண்டு, மறுபக்கம் பாத்திரம் கழுவக் காஸ் எரித்துத் தண்ணீர் சுட வைக்கிறோம். வெளியே போகும் வாயுக் குழாயைத் தண்ணீர்த் தொட்டி ஒன்றின் ஊடாகச் சுற்றி அனுப்பினால் கழுவுவதற்குப் போதுமான சூட்டில் தண்ணீர் கிடைக்கும். பேக்கரிப் புகைபோக்கியின் சூட்டிலும் இப்படித் தண்ணீர் சுட வைக்கலாம். இவற்றில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. நல்ல குளிரூட்டி மெக்கானிக் ஒருவரும் அளந்து பார்க்கும் பொறுமையும் இருந்தால் போதும்.

இலாபம் பாவனையில்தான்

உண்மையான கருவி என்பதற்காக அது எல்லோருக்கும் இலாபம் தரும் என்று எண்ணி விடக் கூடாது. ஒரு கணக்கைப் பாருங்கள். சாதாரண கார் லீற்றருக்கு 15 கிலோமீற்றரும் ஹைபிரிட் கார் 22 கிலோமீற்றரும் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஹைபிரிட்டின் விலை 6 இலட்சம் ரூபா கூட. பெற்றோல் லீற்றர் 300 ரூபா என்று எடுப்போம். மாதம் 1,000 கிலோமீற்றர் ஓடுபவருக்கு 21 லீற்றர், அதாவது சுமார் 6,300 ரூபா மிச்சம். அவர் கூடுதலாகக் கொடுத்த 6 இலட்சத்தைத் திரும்ப எடுக்க ஏறக்குறைய 8 வருடங்கள் பிடிக்கும். அதற்குள் பற்றரி மாற்றும் செலவு வந்து விடலாம். மாதம் 3,000 கிலோமீற்றர் ஓடுபவர் அதே காசை இரண்டு வருடம் ஏழு மாதத்தில் எடுத்து விடுவார்.

கார் ஒன்றுதான், விலையும் ஒன்றுதான். ஒருவருக்கு இலாபம், மற்றவருக்கு நட்டம். பாவனையைக் கணக்கெடுக்காமல் “அவர் வாங்கினார், நானும் வாங்குகிறேன்” என்பது வியாபாரிக்கு அழகல்ல.

1775இல் நடந்த இரண்டு விஷயங்கள்

வீணாகும் சக்தியை மீட்டுப் பெரும் இலாபம் அடைந்த முதல் வர்த்தகக் கூட்டு எதுவென்று கேட்டால், நான் ஜேம்ஸ் வாட்டையும் மத்தியூ போல்டனையும் சொல்வேன். வாட் நீராவி இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர் என்று பலர் சொல்வார்கள். அது சரியல்ல. நியூகொமனின் நீராவி இயந்திரம் அவருக்கு முன்பே நிலக்கரிச் சுரங்கங்களில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது. வாட், கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கருவிகள் செய்பவராக இருந்தார். பழுதுபார்க்க வந்த மாதிரி இயந்திரம் ஒன்றை ஆராய்ந்தபோது, ஒவ்வொரு அடிக்கும் அதே உருளையைச் சூடாக்குவதும் குளிரவைப்பதுமாக நீராவியில் பெரும்பகுதி வீணாவதைக் கண்டார். நீராவியைக் குளிரவைக்கத் தனியாக ஒரு பாத்திரத்தை வைத்தார். நிலக்கரிச் செலவு பாதிக்கும் கீழே இறங்கியது. 1769இல் காப்புரிமை கிடைத்தது. பர்மிங்ஹாம் நகரத்து முதலாளியான போல்டன் 1775இல் அவரோடு கூட்டுச் சேர்ந்தார்.

அவர்கள் வியாபாரம் செய்த விதம்தான் எமக்குப் பாடம். பழைய இயந்திரத்தோடு ஒப்பிடும்போது மிச்சமாகும் நிலக்கரியின் பெறுமதியில் மூன்றில் ஒரு பங்கை எமக்குத் தந்தால் போதும் என்றார்கள். இயந்திரம் எத்தனை அடி அடித்தது என்பதை எண்ண, பூட்டுப் போட்ட பெட்டிக்குள் ஒரு எண்ணியை வைத்தார்கள். மிச்சம் இல்லாவிட்டால் அவர்களுக்கு வருமானமும் இல்லை. இலாபத்தில் பங்கு என்ற அடிப்படையில் முழாரபா கொடுக்கல் வாங்கலை அறிந்த எமக்கு இந்த எண்ணம் புதிதல்ல.

அதே 1775ஆம் ஆண்டில் பாரிஸ் நகர விஞ்ஞானக் கழகம் ஒரு தீர்மானம் எடுத்தது. நிற்காமல் தானாகவே ஓடும் இயந்திரம் பற்றிய விண்ணப்பங்களை இனிமேல் பரிசீலிப்பதில்லை என்பதே அது. அப்படியான கனவு மிகப் பழையது. இந்தியக் கணித மேதை பாஸ்கரர் 1150ஆம் ஆண்டளவிலேயே பாதரசம் நிரப்பிய ஆரங்களோடு தானாகச் சுழலும் சக்கரம் ஒன்றை வர்ணித்திருக்கிறார். பல நூற்றாண்டுகளாக எத்தனையோ பேர் முயன்றும் ஒன்றும் ஓடவில்லை. சக்தியை உண்டாக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது, ஒன்றிலிருந்து இன்னொன்றாக மாற்ற மட்டுமே முடியும் என்பது பின்னர் விஞ்ஞான விதியாகவே நிலைபெற்றது.

ஏமாற்றின் அடையாளம்

எரிபொருளில்லா ஜெனரேட்டரைப் பாருங்கள். பற்றரி மோட்டாரைச் சுற்றுகிறது, மோட்டார் டைனமோவைச் சுற்றுகிறது, டைனமோ பற்றரியை நிரப்புகிறது, மிச்ச மின்சாரம் வீட்டுக்கு என்கிறார்கள். 100 ரூபாவை டொலராக்கி, டொலரை ரியாலாக்கி, ரியாலை மறுபடி ரூபாவாக்கினால் 120 ரூபா கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்புவோமா? ஒவ்வொரு மாற்றத்திலும் தரகு கழியும். மோட்டாரில் 15 பங்கு கழிந்தால் 85. வாகன டைனமோவில் நூற்றுக்கு 60 திரும்பினால் 51. பற்றரிக்குப் போவது பாதிதான். தண்ணீரைப் பிரித்து வாயு எடுக்கும் பெட்டியும் இதே ரகம். பிரிப்பதற்கான மின்சாரம் வாகனத்தின் டைனமோவிலிருந்து, அதாவது பெற்றோலிலிருந்தே வருகிறது. பிரிக்கச் செலவானதை விடக் குறைவாகவே அந்த வாயு திருப்பித் தரும்.

தமிழ்நாட்டில் ராமர் பிள்ளை என்பவர் 1996இல் மூலிகையிலிருந்து பெற்றோல் செய்வதாகச் சொன்னபோது பத்திரிகைகள் கொண்டாடின. பிறகு அது விற்பனைக்கும் வந்தது. இந்தியாவின் மத்திய புலனாய்வுப் பிரிவு விசாரித்ததில், அந்த “மூலிகை எரிபொருளில்” இருந்தவை டொலுயீன், நப்தா போன்ற பெற்றோலியப் பொருட்கள் என்று தெரிய வந்தது. 2016 ஒக்டோபரில் சென்னை எழும்பூர் நீதிமன்றம் அவருக்கு மூன்று வருடச் சிறைத்தண்டனை விதித்தது. முதல் செய்திக்கும் தீர்ப்புக்கும் இடையில் இருபது வருடங்கள். அதுவரை காத்திருந்து உண்மையை அறிந்துகொள்ள எந்த வியாபாரியாலும் முடியாது. எமது நாட்டிலும் 2008இல் தண்ணீரில் ஓடும் கார் பற்றிய செய்தி பெரிதாக வெளிவந்தது ஞாபகம் இருக்கும். இன்றுவரை அப்படி ஒரு கார் சந்தைக்கு வரவில்லை.

எரிபொருள் மிச்சப்படுத்தும் காந்தம், மாத்திரை, காற்றுக் கருவி என்று விற்கப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்டவற்றை அமெரிக்க அரசின் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் பரிசீலித்திருக்கிறது. குறிப்பிடத்தக்க மிச்சம் தரும் கருவி ஒன்றையும் அது காணவில்லை.

கேட்க வேண்டிய கேள்விகள்

ஆகவே, யாராவது ஒரு கண்டுபிடிப்போடு உங்கள் கடைப் படி ஏறினால் அவரை விரட்டி விட வேண்டாம். அவரிடம் உண்மையான ஒன்றே இருக்கலாம். தேநீர் கொடுத்து உட்கார வைத்து நான்கு விஷயங்களைக் கேளுங்கள்.

ஒன்று, இந்தச் சக்தி எங்கிருந்து வருகிறது? புகையின் சூடு, பிரேக், இறக்கம், குளிரூட்டியின் பின்பக்கம் என்று வீணாகும் ஓர் இடத்தை அவர் காட்ட வேண்டும். காட்ட முடியாதவரிடம் மேலே பேச ஒன்றும் இல்லை.

இரண்டு, எப்படி அளந்தீர்கள்? தொட்டியை முழுதாக நிரப்பி, அதே பாதையில், அதே பாரத்தோடு, அதே சாரதி ஓட்டி, மறுபடி முழுதாக நிரப்பிப் பார்த்திருக்க வேண்டும். கருவியோடும் கருவி இல்லாமலும் பல தடவைகள். அளப்பவர் விற்பவராக இருக்கக் கூடாது. “ஓடும்போது வண்டி இலேசாக இருக்கிறது” என்பது அளவு ஆகாது.

மூன்று, பழுதானால் யார் பொறுப்பு, உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும்? மீட்டெடுத்த இரண்டு வருட மிச்சத்தை ஒரே பழுது விழுங்கி விடக் கூடாது.

நான்கு, உங்கள் காசை மிச்சத்திலிருந்து எடுத்துக்கொள்ளச் சம்மதமா? இது வாட்டும் போல்டனும் செய்த ஒப்பந்தம். மிச்சத்தை இருவரும் சேர்ந்து அளப்போம், மூன்றில் ஒரு பங்கு உங்களுக்கு என்று சொல்லிப் பாருங்கள். தன் கருவியில் நம்பிக்கை உள்ளவர் யோசிப்பார், பங்கைக் கூட்டிக் கேட்பார், பேரம் பேசுவார். முழுக் காசும் இன்றே வேண்டும், நாளை வேறொருவர் வாங்கி விடுவார் என்பவரை ஸலாம் சொல்லி அனுப்பி விடலாம்.

முதலீடாகக் கேட்டால் இன்னும் கவனம் தேவை. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். எந்தப் பொருளுக்கு, எவ்வளவு, எத்தனை காலத்துக்கு என்பது தெளிவாக இருக்க வேண்டும். தெளிவில்லாத கொடுக்கல் வாங்கலை மார்க்கமும் அனுமதிப்பதில்லை என்பதை உலமாக்களிடம் கேட்டு அறிந்துகொள்ளலாம். இந்தப் பகுதியில் பலரின் முதல் என்பது மத்திய கிழக்கில் பல வருடம் உழைத்துச் சேர்த்த காசு. அது போனால் மீண்டும் சேர்க்க வயது இடம் கொடுக்காது.

வெளியிலிருந்து எந்தக் கருவியும் வாங்குமுன் ஒரு மாதம் உங்கள் கடையையும் வாகனத்தையும் நீங்களே அளந்து பாருங்கள். ஒரு கொப்பியில் லீற்றரும் கிலோமீற்றரும் யூனிட்டும் எழுதி வையுங்கள். டயர்க் காற்று, தளர்ந்த பெல்ட், இறுகிய பிரேக், சீறும் குழாய், மூடாத குளிரூட்டிக் கதவு ஆகியவற்றைச் சரி செய்யுங்கள். அதன் பிறகும் வீணாவது எவ்வளவு என்று அந்தக் கொப்பியே சொல்லும். குளிரூட்டியின் சூட்டில் தண்ணீர் சுட வைப்பதற்கான செலவுக் கணக்கை இன்ஷா அல்லாஹ் அடுத்த வாரம் விரிவாகப் பார்ப்போம்.